பத்தியம் சொல்லாத வைத்தியம்

1901 குடிக்கணக்கில் கோயமுத்தூர் டவுனுக்கு 53,080 தலை. 1911-ல் எண்ணியபோது 47,007. சுகாதார ஆய்வாளராகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவனுக்கு இப்படி இரண்டு எண்களைப் பக்கத்தில் பார்த்தால் கை சும்மா இருக்காது. கழித்துப் பார்த்தேன், 6,073 குறைவு. ரயில் வந்துவிட்டது, 1888-ல் ஸ்டேன்ஸ் துரையின் நூல் மில் ஓட ஆரம்பித்துவிட்டது, பஞ்சு மண்டியும் தானிய மண்டியும் நிரம்பி வழிகின்றன. பெருக வேண்டிய ஊர் பத்து வருஷத்தில் சுருங்கிப் போயிருக்கிறது. செத்தவர்கள் உண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. காரணம் பிளேக் என்றுதான் இந்த ஊரில் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

அந்த நோய் இந்த ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் கோயமுத்தூரின் பழைய பேட்டைகளில் நடந்தால் 'பிளேக் மாரியம்மன் திருக்கோயில்' என்று எழுதிய பலகையை இன்றைக்கும் பார்க்கலாம். ஒன்று இரண்டு அல்ல, ஊருக்குள் பல இடங்களில் இருக்கின்றன. பெரிய கோபுரமெல்லாம் கிடையாது. சந்து முனையில் ஒரு சின்னக் கருவறை, முன்னால் தகரப் பந்தல், ஒரு வேப்பமரம், வருஷத்துக்கு ஒரு நோம்பி, அதாவது திருவிழா. இப்போது அங்கே கும்பிடுகிறவர்களுக்குப் பிள்ளைகளின் பரீட்சையும் வீட்டுக் கடனும்தான் கவலை. பிளேக் என்றால் என்னவென்று கேட்டால், "அந்தக் காலத்துல ஏதோ பெரிய சீக்குங்களாமா" என்பார்கள்.

வெளியூரிலிருந்து வருகிற படித்தவர்கள் இந்தப் பலகையைப் பார்த்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு போட்டோ எடுப்பார்கள். என் வேலை அம்மைத் தடுப்பில் ஆரம்பித்தது. அதனால் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. வேறு ஒரு கேள்விதான் வந்தது. மாரியம்மன் கொப்புளத்துக்கு உரியவள். பிளேக்கில் கொப்புளம் கிடையாது. கக்கத்திலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும், கொதிக்கிற காய்ச்சல் அடிக்கும், பாதிக்கு மேல் போய்ச் சேருவார்கள். இப்படி ஒரு புது நோயைக் கொண்டுபோய் அவள் பொறுப்பில் ஏன் விட்டார்கள்?

பதில் தேட வேண்டுமானால் முதலில் அம்மை வீட்டுக்குள் போக வேண்டும்.

எனக்கு ஏழு வயதில் சின்னம்மை போட்டது, அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டுக்கு லீவுக்குப் போயிருந்தபோது. முதல் முத்தைப் பார்த்த அன்றைக்கே வாசல் நிலையில் வேப்பங்கொத்து ஏறிவிட்டது. கொத்தைப் பார்த்த ஒறம்பரை யாராக இருந்தாலும் திண்ணையோடு திரும்பிவிடுவார்கள், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. எண்ணெய்ச் சட்டி பரண்மேல் போனது. அப்புச்சி சவரம் செய்துகொள்ளவில்லை. வண்ணாருக்குத் துணி போடவில்லை. வீட்டு ஆள் யாரும் வெளியூர் போய் ராத் தங்கக்கூடாது. எனக்குக் கம்பங்கூழும் மோரும் எளநியும்தான். அரித்தால் நகம் படக்கூடாது, வேப்பங்கொத்தால் மேலாக வருடிவிடுவார்கள். அதைவிட ஆச்சரியம், அத்தனை நாளும் அமுச்சி என்னை ஒரு வார்த்தை அதட்டவில்லை. பேர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. "தாயி, என்ன வேணுஞ் சாமி?" என்று கேட்டார். என் மேல் இறங்கியிருக்கிறவளிடம் கேட்கிறார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. பனங்கற்கண்டு வேண்டும் என்று சொன்னேன், கிடைத்தது.

முத்து இறங்கினபின் தண்ணி ஊற்றுவது. அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வாசல் வெயிலில் வைத்துவிடுவார்கள். நெருப்பில் காய்ச்சக்கூடாது, வெயில்தான் காய்ச்ச வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று தண்ணி. மூன்றாம் தண்ணி ஊற்றினதும் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வந்தோம். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் கடுகு வெடித்த சத்தம் கேட்டது. அப்போதுதான் வீடு வீடாயிற்று.

இதை நினைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். நோய் எனக்கு, பத்தியம் வீட்டுக்கே. படுத்திருந்தவன் ஒருவன், விரதம் இருந்தவர்கள் ஆறேழு பேர். ஒவ்வொருவருக்கும் செய்ய ஏதோ ஒன்று இருந்தது, செய்யக் கூடாதது ஒன்றும் இருந்தது. நோயாளியை வைத்துக்கொண்டு கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டிய நிலை யாருக்கும் வரவில்லை.

அம்மைக்கு மட்டும் என்று இல்லை. கொங்கு நாட்டில் அநேகமாக எல்லா நோய்க்கும் இப்படி ஒரு ஆள் கூட்டம் உண்டு. அக்கி வந்தால் மண்பாண்டம் செய்கிறவர் வீட்டுக்குப் போவோம். அவர் செங்காவியைக் கரைத்து, கோழி இறகால் புண்ணைச் சுற்றி எழுதி, நடுவில் சிங்கமாக ஒன்றை வரைவார். காய்ந்தபின் கழுவக்கூடாது, புளி கூடாது, கருவாடு கூடாது. பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் செயின். செயின் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவார்கள், யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். காமாலைக்குக் கீழாநெல்லியும் உப்பில்லாச் சோறும். கண் நோவு தீர்ந்தால் கோயிலில் கண்மலர், கால் நோவு தீர்ந்தால் மண்ணில் செய்த உருவாரம். இதில் எது குணமாக்கியது, எது தானாகவே குணமானது என்பது வேறு கணக்கு. பொன்னுக்கு வீங்கி செயின் போட்டாலும் போடாவிட்டாலும் பத்து நாளில் வடிந்துவிடும்.

பிரெண்டா பெக் என்ற கனடாக்காரப் பெண்மணி 1960-களின் நடுவில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, கொங்குச் சமூகத்தை ஆராய்ந்து 1972-ல் புத்தகம் போட்டார். அதற்கு முன்பே, 1969-ல், நிறத்தையும் சூட்டையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிவப்பு சூடு, வெள்ளை குளிர்ச்சி. நம் சடங்குகளில் சூட்டை எப்போதும் குளிர்ச்சியைக் கொண்டு அணைகட்டி வைக்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். எங்கள் மாரியம்மன் நோம்பியைப் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும். முக்கிளையாகப் பிரிகிற மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் கம்பமாக நடுவார்கள். அது அம்மனின் புருஷன். பெண்கள் விடிகாலையில் குடங்குடமாக மஞ்சத்தண்ணி கொண்டுவந்து அதன் தலையில் ஊற்றுவார்கள். ராத்திரி இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். ஒருவர் நெருப்புச் சட்டியைப் பூவோடாக ஏந்தி வருவார், இன்னொருவர் தீர்த்தக்குடம் எடுத்து வருவார். கடைசியில் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டு மஞ்சள் நீராடினால் ஊர் குளிர்ந்துவிட்டது. ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் நோம்பியில் கம்பம் காவேரிக்குப் போகிற நாளில் அந்த ஊர் ரோடெல்லாம் மஞ்சளாக இருக்கும்.

நோம்பி சாட்டிவிட்டால் உள்ளூர்க்காரன் வெளியே ராத் தங்கக்கூடாது, வெளியூர்க்காரன் உள்ளே ராத் தங்கக்கூடாது என்று ஒரு கட்டு உண்டு. அம்மை வீட்டுக்குச் சொன்ன அதே பத்தியம், ஊருக்குச் சொன்னது. இதை வைத்துக்கொண்டு "நம் முன்னோர் அன்றைக்கே தனிமைப்படுத்தலைக் கண்டுபிடித்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அதே நோம்பியில்தான் ஊர் முழுக்க ஒருவரோடு ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கும். வேப்பிலையின் குளிர்ச்சி அரிப்பை அடக்கும், அவ்வளவுதான். பெரியம்மை பத்தில் மூன்று பேரைக் கொண்டுபோயிற்று, வேப்பிலை கட்டின வீட்டிலும்தான். என் சிறுவயதில் முகம் முழுக்கத் தழும்போடு, ஒரு கண் போனவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருந்தார்கள். அந்த நோயை ஒழித்தது தடுப்பூசி. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் தடுப்பூசி எப்படி உள்ளே போனது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1970-களின் தொடக்கத்தில், அம்மை குத்துகிறவனாக. பழைய ஆட்கள் ரோட்டரி லான்செட் வைத்திருந்தார்கள். வட்டத் தகட்டில் பல் வைத்தது, தோலில் அழுத்தித் திருகினால் குழந்தை ஊரைக் கூட்டும். என் தலைமுறைக்கு இரண்டு முனை ஊசி வந்துவிட்டது. கவட்டையில் ஒரு சொட்டு மருந்து நிற்கும், புஜத்தில் பதினைந்து குத்து, காரியம் முடிந்தது. பெரியம்மை நம் பக்கத்தில் அடங்கியிருந்தது. ஆகவே எங்கள் வேலையில் பாதி, எங்கே 'அம்மை போட்டிருக்கிறது' என்று கேள்விப்பட்டாலும் போய்ப் பார்ப்பது. முத்து நெஞ்சிலும் முதுகிலும் அதிகமா, ஒன்று பழுத்து ஒன்று புதிதாக இருக்கிறதா, அப்படியானால் சின்னம்மை. முகத்திலும் கைகாலிலும் அதிகமா, உள்ளங்கையில் இருக்கிறதா, எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கிறதா, அப்படியானால் ஓடிப்போய்த் தந்தி கொடு. 1975-ல் பெரியம்மை கண்டு சொல்பவருக்கு ஆயிரம் ரூபாய் என்று நோட்டீஸ் ஒட்டினோம். அன்றைய விலைக்கு இரண்டு பவுனுக்கு மேல். இருந்தும் அம்மை வீட்டுக் கதவை எங்களுக்குத் திறக்கத் தயங்கினார்கள். ஆத்தா வந்திருக்கிற வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு பையோடு ஒருவன் வந்து "கையைக் காட்டு" என்றால் எப்படி இருக்கும்?

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்தவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். செருப்பைத் திண்ணைக்குக் கீழே விடுவார். வேப்பங்கொத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். ஊசி போட்டபின் கட்டாயம் பத்தியம் சொல்வார். "நாளைக்கு முழுக்க அந்தக் கையில தண்ணி படக்கூடாதுங். பொருக்கு தானா உழுகோணும், கிள்ளப்படாதுங். எண்ணெய்ப் பலகாரம் ஒரு வாரத்துக்கு வேண்டாம்." முதல் இரண்டும் சர்க்கார் சொன்னது. பலகாரம் அவர் சேர்த்தது. ஏன் என்று கேட்டபோது, "பத்தியம் சொல்லாத மருந்தை இவங்க மருந்துன்னே சேத்திக்க மாட்டாங்க, தம்பி" என்றார். அவர் போன தெருக்களில் யாரும் பின்வாசல் வழியாக ஓடியதில்லை.

இப்போது பிளேக்குக்கு வருகிறேன்.

1894-ல் ஹாங்காங்கில் யெர்சின் என்பவர் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1896-ல் நோய் பம்பாயில் இறங்கியது, 1898-ல் பெங்களூருக்கு வந்தது. பெங்களூரிலிருந்து ரயிலிலும் தானிய மூட்டையிலும் ஏறிக்கொண்டால் கொங்கு நாடு எவ்வளவு தூரம்? எலி உடம்பிலிருக்கிற தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று 1898-ல் கராச்சியில் சைமண்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் சொன்னார், யாரும் நம்பவில்லை. அதை நிச்சயப்படுத்த இன்னும் ஏழெட்டு வருஷம் ஆனது. அதற்குள் சர்க்கார், மனிதனிடமிருந்து மனிதனுக்கு ஒட்டுகிறது, அசுத்தத்தால் வருகிறது என்று எண்ணிக்கொண்டு 1897-ன் தொற்றுநோய்ச் சட்டத்தைக் கையில் எடுத்தது. வீடு புகுந்து சோதனை. கூரை ஓட்டைப் பிரித்து வெயில் விடுவது. தட்டுமுட்டுச் சாமானை எரிப்பது. ரயிலை நிறுத்தி, ஆண் பெண் பார்க்காமல் கக்கத்தையும் இடுக்கையும் தடவிப் பார்ப்பது. நோயாளியைத் தூக்கிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே கொட்டகையில் போடுவது. செத்தவனைச் சோதிக்காமல் எடுக்கவிடாமல் செய்வது. பூனாவில் 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டுவிட்டார்கள். சென்னை மாகாணத்தில் பிளேக் ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து, தினம் வந்து முகத்தைக் காட்டச் சொன்னார்கள்.

அந்தப் பட்டியலை நான் தொழில்காரனாகப் பார்க்கிறேன். அதில் சில காரியங்கள் சரியானவை. வீட்டைக் காலி செய்தது சரி, எலியை விட்டு விலகுவதுதான் அன்றைக்கு இருந்த நல்ல மருந்து. ஆனால் அந்தப் பட்டியலில் வீட்டாருக்கு ஒரு வேலையும் இல்லை. கூழ் காய்ச்ச வேண்டாம், விரதம் இருக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார வேண்டாம். ஆளைக் கொடு, தள்ளி நில். கொட்டகைக்குப் போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. ஆகவே கொட்டகைதான் கொல்கிறது என்று சனம் பேசியதில் என்ன அதிசயம்?

தடுப்பூசியும் இருந்தது. ஹாஃப்கின் என்ற ருஷ்ய யூதர் பம்பாயில் மருந்தைத் தயாரித்து 1897 ஜனவரி 10-ந் தேதி தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டு சோதித்தார். ஆனால் 1902-ல் பஞ்சாபில் முல்கோவால் என்ற ஊரில், ஒரே குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் வில்வாத ஜன்னி கண்டு செத்தார்கள். குப்பியைத் திறந்த இடத்தில் நடந்த அசுத்தம் அது என்று பிறகு தெளிந்து, 1907-ல் ஹாஃப்கின் பேரில் குற்றமில்லை என்றானது. ஐந்து வருஷத்தில் வதந்தி எத்தனை ஜில்லா தாண்டியிருக்கும் என்பது ஊசிக்காரனுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் கோயமுத்தூர் சனம் புது நோயை மாரியம்மனிடம் கொண்டுபோய் விட்டது. அது அறியாமை என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேர் தெரியாத, பத்தியம் தெரியாத நோய் அது. கொட்டகை ஒரு பத்தியமும் சொல்லவில்லை. மாரியம்மனிடம் விட்ட அன்றைக்கே வேலை தெரிந்துவிடும். யார் தீர்த்தம் எடுப்பது, யார் கூழ் ஊற்றுவது, எத்தனை நாள் எண்ணெய் வைக்கக்கூடாது, யார் ஊருக்குள் வரக்கூடாது, எல்லாம் ஏற்கனவே எழுதிவைத்த சட்டம். சர்க்கார் சொன்ன பேரை மட்டும் அப்படியே முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். டாக்டர் சொல்வதும் நிஜம், ஆத்தா வந்திருப்பதும் நிஜம் என்பதுதான் அந்தப் பலகையின் அர்த்தம். பெங்களூரிலும் இதேபோலப் பிளேகம்மா உண்டு.

இன்னொன்றும் உண்டு, இது என் ஊகம்தான். தெள்ளுப்பூச்சிக்குக் காய்ந்த வெயில் ஆகாது. உள்நாட்டு ஊர்களில் பிளேக் குளிர் மாதங்களில் ஏறும், பங்குனி சித்திரை வெயிலில் தானாக இறங்கும். எங்கள் மாரியம்மன் நோம்பிகளில் பெரும்பாலானவை எப்போது? அதே பங்குனி சித்திரையில். நோம்பி சாட்டினார்கள், நோய் இறங்கியது. வருஷா வருஷம் கண்ணால் பார்த்த சாட்சி. மறு மழைக்காலத்துக்குப் பிறகு நோய் திரும்பினால், நேர்த்தியில் எங்கோ குறை என்று சொல்லிக்கொள்ளவும் வழி இருந்தது. டாக்டர்களுக்கும் அப்படி ஒரு வழி இருந்தது. ஊசி பலிக்காவிட்டால், ஊசிக்கு முன்பே நோய் உள்ளே இருந்தது என்பார்கள்.

இந்த ஊரில் அம்மனுக்கும் அம்மைக்கும் அதற்கு முந்திய கதையும் ஒன்று உண்டு. அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் தண்டு மாரியம்மன் கோயில் வரலாற்றில், திப்பு சுல்தானின் படை இங்கே தண்டு இறங்கியிருந்தபோது வீரர்களுக்கு அம்மை கண்டதாகவும், வேப்பமரக் காட்டுக்குள் கிடைத்த அம்மனைக் கும்பிட்டுத் தீர்த்தம் வாங்கிக் குணமானதாகவும் சொல்வார்கள். படையோடும் வியாபாரத்தோடும் நோய் வந்து இறங்குகிற ஊர் இது என்பதை அந்தக் கதையே ஒப்புக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வாசலில் உட்கார்ந்திருக்கிற ஊருக்கு வேறு விதி இல்லை.

வெள்ளைக்காரன் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டான் என்றும் நினைக்க வேண்டாம். வெனிஸ் நகரத்தில் 1630-ல் பிளேக் வந்தபோது, நோய் விலகினால் மாதாவுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று நேர்ந்துகொண்டு கட்டிய மாபெரும் தேவாலயம் இன்றும் கால்வாய் ஓரத்தில் நிற்கிறது. ஜெர்மனியில் ஓபராமெர்காவ் கிராமத்தார் 1633-ல் பிளேக்குக்காக ஏசுவின் பாடுகளை நாடகமாக நடிப்பதாக வேண்டிக்கொண்டார்கள். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே சேர்ந்து இன்றும் நடிக்கிறது. அங்கேயும் நேர்த்திக்கடன் ஊருக்குத்தான். கப்பலை நாற்பது நாள் கரைக்கு வெளியே நிறுத்திவைத்ததும் அதே வெனிஸ்தான். ஒரு கையில் காவல், ஒரு கையில் மெழுகுவத்தி.

நம் பக்கத்தில் காவல் வேலை யார் யாருக்கு எளிதாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். எலி செத்து விழுந்தால் வீட்டை விட்டுவிட வேண்டும் என்பது கொஞ்ச நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தோட்டங்காடு வைத்திருந்தவர்கள் மாட்டையும் அண்டாவையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துச் சாளைக்குக் குடி போனார்கள். சாளை என்பது கொங்கு விவசாயிக்குப் புதிதல்ல, பாதி வருஷம் அங்கேதான் அவன் வாசம். மில்லை நம்பி டவுனுக்கு வந்து லைன் வீட்டில் குடியிருந்தவனுக்குச் சாளை ஏது? சாக்கடை வாரி, செத்த எலியைப் பொறுக்கி, பிணத்தை எடுத்துப்போட்ட முனிசிபல் துப்புரவுத் தொழிலாளிகளை எந்தச் சாளைக்கும் யாரும் கூப்பிடவில்லை. எங்கள் இலாகாவின் முழுப் பாரமும் அவர்கள் தோளில்தான் இருந்தது, கொரோனா வரைக்கும். எந்தக் கோயில் கல்வெட்டிலும் அவர்கள் பேரை நான் பார்த்ததில்லை.

ஊர் அகலமானதிலும் இந்தப் பயத்துக்குப் பங்கு உண்டு என்று பழையவர்கள் சொல்வார்கள். பெங்களூரில் 1898-க்குப் பிறகு மல்லேஸ்வரமும் பசவனகுடியும் நிரம்பியதுபோல, இங்கே நெருக்கமான பேட்டைகளை விட்டு மேற்கே நேர் நேரான வீதிகளோடு ஒரு புதுக் குடியிருப்பு எழுந்தது. முனிசிபல் சேர்மனாக இருந்த ரத்தினசபாபதி முதலியார் பேரால் அது ஆர்.எஸ்.புரம் ஆனது. காற்றோட்டத்துக்குப் போட்ட வீதிகளில் இன்றைக்கு வண்டி நிறுத்த இடமில்லை. சிறுவாணித் தண்ணீர் 1929-ல் ஊருக்குள் வந்தது. அதற்காக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே குரல் கொடுத்தவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. உப்புக் கிணற்றை நம்பியிருந்த ஊருக்கு அந்தக் குழாய் கொடுத்த ஆரோக்கியத்தை எந்த ஊசியும் கொடுத்ததில்லை என்பேன். நல்ல தண்ணிக்குப் பத்தியம் தேவைப்படவில்லை, குழாயைத் திறந்தால் போதும். சண்டை, எந்தத் தெருவுக்கு முதலில் என்பதில்தான்.

பிளேக் முழுக்கப் போய்விடவில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் எல்லைக் காடுகளில் எலிகளுக்குள் அது இருக்கலாம் என்பதால் ஓசூரில் இருக்கிற அரசு நிறுவனத்தில் எலியையும் தெள்ளுப்பூச்சியையும் பிடித்துச் சோதிக்கிற வேலை இன்னும் நடக்கிறது. எங்கள் ஆட்கள் அங்கே பயிற்சிக்குப் போவார்கள்.

2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, இருகூர் பக்கத்தில் காமாட்சிபுரி ஆதீனத்தில் 'கொரோனா தேவி' என்று கருங்கல்லில் சிலை வைத்து 48 நாள் யாகம் தொடங்கினார்கள். டி.வி.க்காரர்கள் தேசமெங்கும் காட்டினார்கள், தேசமெங்கும் சிரித்தார்கள். நான் பார்த்த வித்தியாசம் ஒன்றுதான். பிளேக் மாரியம்மனை நிறுவியது பேட்டைச் சனம், அதற்கு ஊரே விரதம் இருந்தது. கொரோனா தேவிக்கு மடம் விரதம் இருந்தது, ஊர் வீட்டுக்குள் பூட்டிக்கிடந்து போனில் பார்த்தது. பிணத்தைப் பையில் சுற்றி வீட்டாருக்குக் காட்டாமல் எடுத்தபோது, 1900-களின் கொட்டகைக் கதையை எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது.

ஊசி முகாம்கள் ஆரம்பித்ததும் வயதானவர்களைக் கூட்டிவர என்னைப்போன்ற ஓய்வுபெற்றவர்களையும் கூப்பிட்டார்கள். வரிசையில் கேட்ட கேள்விகளில் பாதி ஒரே மாதிரி. "கறி திங்கலாமுங்களா?" "தலைக்கு ஊத்திக்கலாமுங்களா?" "இது சூட்டு மருந்துங்களா?" மேசையில் இருந்த டாக்டர் பெண் சின்ன வயசு, தங்கமான பிள்ளை, எல்லாருக்கும் பொறுமையாக ஒரே பதில் சொன்னது. எதுவும் தள்ள வேண்டாம், வழக்கம்போல இருங்கள். மருத்துவப்படி அது முழுக்கச் சரி. ஒரு ஆத்தா வெளியே வந்து என்னிடம், "ஒன்னுமே தள்ள வேண்டாங்குது அந்தப் புள்ள. அப்பறம் இது என்ன மருந்துங்க கண்ணு?" என்று கேட்டார். சூட்டு மருந்துதான் ஆத்தா, ரெண்டு நாளைக்கு வெயில்ல போகாதீங்க, எளநி குடிங்க, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்றேன். அதை அப்படியே மருமகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். அடுத்த தவணைக்கு அந்தத் தெருவிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தார்கள்.